பெருக்காமல் விட்ட சவுக்குக் கொல்லை

முதல் செடியை நான் மிதித்துவிட்டேன். செருப்பில் ஏதோ மாட்டி இழுத்தது. குனிந்து பார்த்தால், சவுக்குச் சருகுக்குள்ளிருந்து இரண்டு விரல் உயரத்தில் ஒன்று சாய்ந்து கிடந்தது. இலை தடிப்பாக, பளபளப்பாக இருந்தது. நுனியில் யாரோ நகத்தால் கிள்ளிய மாதிரி சின்னப் பள்ளம். சவுக்குக்கு இப்படி இலை கிடையாது, ஊசி ஊசியாகத்தான் இருக்கும். நாங்கள் அந்தக் கொல்லையில் சவுக்கைத் தவிர வேறு எதையும் நடவில்லை.

அன்று நான் செடி பார்க்கப் போகவில்லை. அழப் போனேன். வீட்டில் அழுதால் அம்மாவும் கூடச் சேர்ந்து அழும், அதனால்தான்.

முந்தின நாள் சாப்பிடும்போது நைனா, சவுக்கை வெட்டக் கொடுக்கப்போவதாகச் சொல்லியிருந்தார். அது என் அண்ணன் நட்ட சவுக்கு. அரைக் காணிக் கொல்லை. அவன் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் கம்பெனியில் காண்டிராக்டில் வெல்டர் வேலை பார்த்தான். ஷிப்டு முடிந்து வந்து, தூங்காமல், பொன்னேரியிலிருந்து கன்று வாங்கிவந்து நட்டான். போர் தண்ணீர் எட்டாத மூலைக்கு நானும் அவனும் குடத்தில் கொண்டுபோய் ஊற்றினோம். ஒரு வரிசைக்கு ஊற்றிவிட்டுத் திரும்பினால் முதல் கன்று காய்ந்துபோன மாதிரியே இருக்கும். "இது தண்ணி குடிக்கல, கடலையே குடிக்குது" என்பான். மூன்று வருஷம் வளர்த்தான். பிறகு ஒரு ஆடி மாதம், காலை ஷிப்டுக்குப் பைக்கில் போகும்போது ஹைவேயில் ஒரு டிரெய்லர் வண்டி. அதற்கு மேல் என்னால் எழுத முடியாது.

அதன்பிறகு அந்தக் கொல்லைக்குள் எங்கள் வீட்டில் யாரும் போகவில்லை. நானும் போகவில்லை. ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. இப்போது வெட்டினால், அவன் கையால் நின்றது என்று இந்த உலகத்தில் ஒன்றும் மிஞ்சாது. அதைத் தடுக்கவேண்டும் என்பதுதான் அப்போது என் மனசில் இருந்தது. வேறு எதுவும் இல்லை.

ஆனால் அந்தச் செடியைப் பார்த்ததும் அழுகை எங்கே போனதென்று தெரியவில்லை. அதை நிமிர்த்தி, பக்கத்தில் மண்ணை அழுத்தினேன். இன்னொன்று தெரிந்தது. அது வேப்பஞ்செடி. அதற்கு அந்தப் பக்கம் நாவல். அப்புறம் முள்ளோடு ஒன்று, அது களா. குனிந்தபடியே போனேன். ஒரு மரத்தடியில் கூட்டமாக, இன்னொரு மரத்தடியில் ஒன்றுமே இல்லாமல், இப்படி மாறி மாறி இருந்தது. யாரோ இஷ்டத்துக்குத் தூவிவிட்டுப் போன மாதிரி.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன்.

"கொல்லைல யாராச்சும் வெத போட்டாங்களாம்மா?"

"எந்தக் கொல்லைல?"

"சவுக்குக் கொல்லைல."

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "அங்க எதுக்குப் போன நீ?" என்று கேட்டது. அதோடு பேச்சு முடிந்தது.

எனக்கு எட்டாவதுக்கு மேல் படிப்பு இல்லை. பாட்டில் மூடி செய்கிற கம்பெனியில் லைனில் நின்று, கோணலாக வரும் மூடியைப் பொறுக்கிப் போடுவதுதான் என் வேலை. ஓடுகிற பெல்ட்டில் ஒரே மாதிரி போகிற ஆயிரம் மூடியில் வேறு மாதிரி இருப்பது கண்ணில் பட்டுவிடும். அந்தப் பழக்கமோ என்னவோ, அடுத்த நாள் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து வெளியே பார்க்கும்போது, வழியிலிருந்த சவுக்குக் கொல்லைகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே போனேன். எல்லா இடத்திலும் தரை வெறுமையாக இருந்தது. மணல்தான் தெரிந்தது.

எங்கள் கொல்லைக்குப் பக்கத்துக் கொல்லைக்கார அக்காவும் சவுக்குத்தான் போட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். அவ்வளவு சுத்தம். சோற்றைத் தரையில் கொட்டிச் சாப்பிடலாம். அக்கா விளக்குமாறும் சாக்குமாக நின்றிருந்தார். எங்கள் பக்கத்தில் பெண்கள் சவுக்குச் சருகைப் பெருக்கி எடுத்துப்போய் வெந்நீர் அடுப்புக்குப் போடுவார்கள். கேஸ் வந்தபிறகும் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் சருகுதான். யார் கொல்லை என்று பார்க்கமாட்டார்கள், யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

"யக்கா, எங்க கொல்லைல நீ பெருக்கறதில்லையா?"

அக்கா விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டார்.

"எப்படிமே பெருக்கறது? உங்கண்ணன் போனதுக்கு அப்புறம் வெளக்கமாத்த எடுத்துக்கினு அந்தக் கொல்லைல நான் நொழஞ்சா, உங்கம்மாவுக்கு வயிறு எரியாதா? நா மட்டும் இல்ல, ஊர்ல ஒருத்தியும் போறதில்ல. அந்தப் புள்ள நட்டது, அது பாட்டுக்குக் கெடக்கட்டும்னு வுட்டுட்டோம்."

எனக்குச் சட்டென்று புரிந்தது. ஊரே எங்களுக்காகத் துக்கம் காத்திருக்கிறது. அதனால் சருகு கிடந்திருக்கிறது. கிடந்த சருகு மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து, உள்ளே விழுந்ததை முளைக்க வைத்திருக்கிறது. எங்கள் கொல்லைக்குத் திரும்பி வந்து சருகைக் கையால் விலக்கிப் பார்த்தேன். மேலே மொறமொறவென்று இருந்தாலும் அடியில் பங்குனி வெயிலிலும் ஈரமாக, கறுப்பாக இருந்தது. அக்கா கொல்லையில் நகத்தை வைத்தால் சூடு.

சரி, முளைத்தது எப்படி என்று தெரிந்துவிட்டது. விழுந்தது எப்படி?

இதைக் கண்டுபிடிக்க நான் ஒரு காரியம் செய்தேன். அதைச் செய்திருக்கக் கூடாது என்று இப்போதும் சிலர் சொல்வார்கள்.

எங்கள் ஊரில் பழைய பேனரை யாரும் தூக்கிப்போடமாட்டார்கள். வைக்கோல் போருக்கு மேலே, கோழிக்கூண்டுக்கு, பாத்ரூம் தடுப்புக்கு என்று எல்லாவற்றுக்கும் பேனர்தான். எங்கள் பாத்ரூம் தடுப்பில் யாரோ ஒரு ஜோடி கல்யாண மாலையோடு பல வருஷமாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஆனால் ஒரு பேனர் மட்டும் பரண் மேல் மடித்தபடி இருந்தது. அண்ணனுக்கு அவன் நண்பர்கள் பஸ் ஸ்டாப்பில் கட்டிய கண்ணீர் அஞ்சலி பேனர். நடுவில் அவன் நீலச் சட்டையில். கீழே வரிசையாக, வட்டம் வட்டமாக, கூலிங் கிளாஸ் போட்ட நண்பர்கள். பதினாறாம் நாள் முடிந்ததும் அவர்களே கழற்றி மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதை எறியவும் முடியவில்லை, எதற்கும் போடவும் முடியவில்லை.

செடி கூட்டமாக இருந்த மரத்தடியில் எதையாவது விரித்துவைத்தால் மேலேயிருந்து என்ன விழுகிறதென்று தெரியும் என்று நினைத்தேன். வீட்டில் சும்மா இருந்த பெரிய விரிப்பு அது ஒன்றுதான். அண்ணன் முகம் தரையைப் பார்க்க, வெள்ளைப் பக்கம் மேலே இருக்க, கவிழ்த்து விரித்தேன். நாலு மூலையிலும் கல் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஷிப்டு முடிந்து வந்து பார்த்தேன். வெள்ளைப் பேனர் முழுக்க எச்சம். அதில் விதைகள். பேனா முனை அளவில் சில, வேப்பங்கொட்டை அளவில் சில. நீளமாக, மினுமினுப்பாக, மெருகு போட்ட மாதிரி சில. மேலே பார்த்தேன். கொண்டையும், வாலுக்கு அடியில் குங்குமம் வைத்த மாதிரி சிவப்புமாகக் கொண்டைக்குருவிகள் கூட்டமாக வந்து உட்கார்ந்தன. ஒரு குயில் கொம்பு நடுவில் ஒளிந்துகொண்டு சிவப்புக் கண்ணால் என்னைப் பார்த்தது. எல்லாம் மேற்குப் பக்கமிருந்து வந்தன. மேற்கே எல்லையம்மன் கோயிலைச் சுற்றி ஒரு புதர்க்காடு இருக்கிறது. அங்கே கத்தி வைக்கக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. அந்தப் புதருக்கும், வடக்கே ரெட்டைக் குன்று மாதிரி தெரியும் பாரஸ்ட் காட்டுக்கும் நடுவில் எங்கள் கொல்லைகளும், செங்கல் சூளையும், கம்பெனிச் சுவரும்தான். பறவைக்கு வழியில் உட்கார ஒரு உயரமான கொம்பு வேண்டும். அண்ணன் அதைத்தான் நட்டிருக்கிறான். அவனுக்கே தெரியாது.

நான் குந்தி உட்கார்ந்து விதைகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. ஆட்டைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறது.

"இன்னாடி இது?"

நான் கையிலிருந்த விதைகளை மூடிக்கொண்டேன்.

"இது எந்த பேனரு? சொல்லுடி."

"அண்ணன்துதாம்மா. கவுத்துத்தான் போட்டுகீறேன். மூஞ்சி மேல ஒண்ணும் படல."

"எம் புள்ள மேல காக்கா பேள்றதுக்கா விரிச்சு வச்ச?"

"காக்கா இல்லம்மா. கொண்டக்குருவி."

அம்மா என்னை அடித்தது. நான் பெரிய பெண்ணானபிறகு அடித்தது அன்றுதான். அடித்துவிட்டு அப்படியே சருகில் உட்கார்ந்து, முந்தானையால் பேனரைத் துடைக்க ஆரம்பித்தது. துடைக்கத் துடைக்க விதை விரலில் ஒட்டியது. உதறியது. போகவில்லை. எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. மினுமினுப்பான நீள விதை.

"இது பாலப்பயக் கொட்ட ஆச்சே," என்றது.

மூக்கை உறிஞ்சிக்கொண்டே, இன்னொன்றைத் தேடி எடுத்தது. "ஆமா, பாலப்பயந்தான். மஞ்சளா, சின்னதா, துன்னா ஒதடெல்லாம் ஒட்டிக்கும். உங்கண்ணன் வயித்துல இருக்கசொல்ல உங்க நைனா பெரியபாளையத்துலேந்து கூம்பு பேப்பர்ல வாங்கியாந்தாரு. கோயில் வாசல்ல விப்பாங்க. வேற எதுவுமே வாயில வைக்க முடியாது எனக்கு, அது ஒண்ணுதான் உள்ள போச்சு."

நான் மிதித்த செடியைக் காட்டினேன். அம்மா ஒரு இலையைக் கிள்ளியது. பால் துளிர்த்தது.

"இதேதான்." கொஞ்ச நேரம் அந்தப் பாலைப் பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு மேலே குருவியைப் பார்த்து, "இத்த எங்கேந்துடி துன்னுட்டு வருதுங்க?" என்று கேட்டது.

அன்றிலிருந்து அம்மா தினமும் வந்தது. ஆடு தேட என்று சொல்லிக்கொண்டு.

நைனாதான் வரவில்லை. அவர் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. விட்டால் நெல் நிலத்தில்தான் இருப்பார். வியாபாரியிடம் பேசி அச்சாரமும் வாங்கிவிட்டிருந்தார். வியாபாரியின் ஆட்கள் பழவேற்காடு பக்கம் வெட்டிக்கொண்டிருந்ததால், அதை முடித்துவிட்டு ஆனியில் வருவதாகப் பேச்சு. எங்கள் பக்கம் சவுக்கு வெட்டுவதென்றால் மரத்தோடு விடமாட்டார்கள். வேரையும் தோண்டி எடுப்பார்கள், அது கரி போட, விறகுக்குப் போகும். மிச்சக் குச்சியையும் சருகையும் பெண்கள் அள்ளிவிடுவார்கள். அப்புறம் ஏர் ஓட்டினால் கொல்லை அடுத்த பயிருக்கு ரெடி. அப்படிச் செய்தால் அடியில் இருக்கிற ஒன்றும் தப்பாது.

"நைனா, வெட்ட வாணாம் நைனா," என்றேன்.

"வெட்டற வருசம் தாண்டிடுச்சிமா. இன்னும் எத்தினி நாளைக்கு வுடறது?"

"அண்ணன் நட்டது."

நைனா தட்டைத் தள்ளி வைத்தார்.

"நெலத்துக்குப் போறப்பல்லாம் நான் கால்வாயைச் சுத்திக்கினு போறேன். தெரியுமா உனக்கு? காத்துல அந்த மரம் சத்தம் போட்டா, அவன் பைக்க நிறுத்திட்டு கூப்புடுறா மாதிரியே கீது. என்னால முடியல கண்ணு."

நான் அந்த மரங்களை வைத்துக்கொள்ள நினைத்ததும், அவர் வெட்ட நினைத்ததும் ஒரே காரணத்துக்காகத்தான். இரண்டு பேருக்கும் ஒரே வலி. ஆனால் ஒருவர் சொல்வதை இன்னொருவர் கேட்க முடியாது. நான் அதோடு விட்டுவிட்டேன். மனசுக்குள் மட்டும், ஆனிக்கு முன்னால் ஏதாவது செய்து தடுக்கணும் என்று இருந்தேன்.

அப்புறம்தான் அந்த வெட்டவெளியைப் பார்த்தேன்.

கொல்லையின் மேற்கு மூலையில், அண்ணன் இறந்த வருஷத்துக் கார்த்திகைப் புயலில் கொஞ்சம் மரங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. எடுக்க ஆள் போகாததால் அங்கேயே மக்கிப்போயிருந்தன. அந்த இடத்தில் மேலே வானம் தெரியும். அதற்குள் நுழைந்தபோது என் இடுப்பில் ஏதோ உரசியது. நாவல். இடுப்பு உயரம்! பக்கத்தில் வேம்பு அதைவிட உயரம். களா புதராகப் படர்ந்து காய்த்தே இருந்தது. கிள்ளி வாயில் போட்டேன், புளித்தது.

வெளியே வந்து மரத்தடி நாவலைப் பார்த்தேன். ஒரு சாண். திரும்ப உள்ளே போனேன். இடுப்பு. அதே இலை, அதே மண், அதே சருகு. இரண்டும் ஒரே மழைக்கு முளைத்தவையாகத்தான் இருக்கவேண்டும். ஏன் ஒன்று வளர்ந்தது, ஒன்று நின்றுவிட்டது?

எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. ஆனால் தெரியாத மாதிரி இருந்தேன். ஒரு வாரம் அப்படி இருந்து பார்த்தேன். முடியவில்லை. அரிவாளை எடுத்துப்போய், நான் முதலில் மிதித்தேனே, அந்தப் பாலைச் செடிக்கும் பக்கத்திலிருந்த நாவலுக்கும் மேலே இருந்த சவுக்குக் கிளைகளை மட்டும் எட்டுகிற வரைக்கும் கழித்தேன். வெயில் ஒரு தாம்பாளம் அளவுக்கு உள்ளே விழுந்தது. பாலை அசையவில்லை, அது ரொம்ப மெதுவான மரமாம். ஆனால் நாவல், வைகாசி முடிவதற்குள் செம்பு நிறத்தில் புது இலை விட்டது. பக்கத்தில் நிழலில் இருந்தது பழைய இலையோடு அப்படியே நின்றது.

அண்ணன் நட்ட மரங்கள்தான் குருவியைக் கூப்பிட்டு இதையெல்லாம் வரவழைத்தன. அவன் நட்ட மரங்கள்தான் இதையெல்லாம் வளரவிடாமல் மேலே நிற்கின்றன. எதைத் தடுக்கப் பார்த்தேனோ அது நடந்தால்தான் இவை பிழைக்கும். நான் அந்த மரத்தைக் கட்டிப்பிடித்து அழுதேன். சவுக்குப் பட்டை கன்னத்தைக் கீறிவிட்டது.

அன்று சாயங்காலம் நைனாவிடம் போனேன்.

"நைனா, வெட்டிடலாம்."

"இன்னாமா திடீர்னு?"

"வெட்டலாம். ஆனா வேரத் தோண்ட வாணாம். சருகையும் வார வாணாம்."

"வேரு கெடந்தா ஏரு எப்படிமா ஓட்றது?"

"ஓட்ட வாணாம் நைனா. அடியில வேற மரம் வந்துகினு கீது. பாலை, நாவலு, வேம்பு, களா. அதுவா வளரும். நாம சும்மா இருந்தா போதும்."

"இன்னாது, காடு வளக்கப் போறியா? அப்போ பாரஸ்ட்காரங்க கணக்கா ஒரு காக்கி டிரெஸ்ஸு தச்சிக்கோ."

அம்மா உள்ளேயிருந்து, "எனக்கும் சேத்து தச்சிடு," என்றது.

நைனா சிரிக்கவில்லை. "சும்மா இருக்கறதுக்கு நெலம் எதுக்குமா? நாம இன்னா பெரிய பண்ணையா? அரைக் காணி."

அவர் சொல்வது சரி. அந்தக் கொல்லையில் எதையாவது எடுத்தால்தான் எங்களுக்கு ஆகும். பெரிய காட்டை வைத்திருப்பவர்கள் சும்மா இருக்கலாம், நாங்கள் இருக்க முடியாது. டிவியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

"பாதி," என்றது அம்மா. "கெயக்கால பாதி தோண்டி வேர்க்கடல போட்டுக்கோ. கோயில் பக்கம் பாதி அது இஸ்டத்துக்குக் கெடக்கட்டும். பாலப்பயம் வந்தா நா பெரியபாளையத்துல கொண்டுபோயி வித்துட்டு வர்றேன். நாவப்பயத்துக்கு இப்போ இன்னா கிராக்கி தெரியுமா உனக்கு?"

"பாலை காய்க்கறதுக்குள்ள நமக்கு வயசாயிடும்."

"சும்மா இருந்தாலும் வயசாவத்தான போவுது," என்றது அம்மா.

நைனா சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதற்குச் சரி என்றுதான் அர்த்தம்.

வியாபாரி வந்து கேட்டபோதுதான் பேஜார் ஆனது. "வேரு இல்லாம எடுக்கச் சொன்னா எலும்ப வச்சிக்கினு கறிய குடுக்கறா மாதிரி சொல்றீங்க, எனக்கு எலும்புலதாண்ணா ருசியே," என்றார். நைனா விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார். அதற்குமேல் இன்னொன்று வந்தது. "சரி, செடிய மிதிக்காம வெட்டணும்னு பாப்பா சொல்லுது. சருகுக்குள்ள எது செடி, எது குச்சின்னு என் ஆளுங்களுக்கு எப்படித் தெரியும்? பறந்துக்கினு வெட்டச் சொல்றியா?"

அவர் கேட்டதும் நியாயம்தான். ஒவ்வொரு செடிக்குப் பக்கத்திலும் ஒரு குச்சி நட்டு, கண்ணில் படுகிற மாதிரி ஏதாவது கட்டவேண்டும். துணி கட்டலாம் என்று பழைய புடவை தேடினேன். அம்மா பரணிலிருந்து பேனரை இறக்கியது. கூடத்தில் விரித்தது. இந்த முறை முகம் மேலே இருக்க. அம்மா கத்தரியை எடுத்து, அண்ணன் படத்தைச் சுற்றி ஓரம் கோணாமல், சட்டைத் துணி வெட்டுகிற மாதிரி வெட்டி எடுத்து மடித்து, தன் புடவைகளுக்கு நடுவில் வைத்தது. மிச்சம் இருந்தது புறாவும், பூவும், கீழே வரிசையாக அவன் நண்பர்களும்.

"இவனுங்கள இன்னாமா பண்றது?"

"வெட்டு. ஒவ்வொருத்தனையும் ஒரு செடிக்குக் காவல் வை. அவன் இருக்கசொல்ல ஊரச் சுத்திக்கினு இருந்தானுங்க இல்ல, இப்போ ஒரு எடத்துல நிக்கட்டும்."

இரண்டு பேரும் சிரித்தோம். அண்ணன் போனபிறகு அந்தக் கூடத்தில் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரிப்பு நின்றபிறகு அம்மா முந்தானையைக் கண்ணில் வைத்துக்கொண்டது.

ஆனியில் வெட்ட வந்தார்கள். கோயில் பக்கப் பாதி முழுக்கக் குச்சி குச்சியாக நின்றது. எதில் பார்த்தாலும் பேனர் துண்டு. ஒன்றில் புறா இறக்கை, ஒன்றில் ரோஜா, நாவலுக்குப் பக்கத்தில் கூலிங் கிளாஸ் போட்ட ஒருவன். வெட்டுகிற ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"இன்னா பாப்பா, செடிக்குச் செடி ஆளு நிக்க வச்சிகீற? ராத்திரில பார்த்தா பயந்துடப் போறோம்."

"டேய், அந்தக் கண்ணாடிக்காரன் மேல மரத்த சாச்சிடாத, கேஸ் குடுத்துடுவான்."

ஆனால் மிதிக்கவில்லை. மெஷின் ரம்பத்தால் அறுத்து, வரிசைக்கு நடுவில் விழுகிற மாதிரி கயிறு கட்டிச் சாய்த்தார்கள். முதல் மரம் விழுந்தபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. சத்தம் மட்டும் கேட்டேன். காற்று இழுத்துப்போவது மாதிரி ஒரு சத்தம், பிறகு தொப்பென்று. திரும்பிப் பார்த்தால் தரை முழுக்க வெயில். அவ்வளவு வெயிலை அந்தக் கொல்லையில் நான் கடைசியாகப் பார்த்தது அண்ணன் குழி எடுத்துக்கொண்டிருந்தபோது.

ஒரு மரத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். நடுவில் வளைந்து, மறுபடி நிமிர்ந்த மரம். அண்ணன் அதைத் திட்டிக்கொண்டே இருப்பான், லாரியில் அடுக்க உதவாத மரம் என்று. வியாபாரியும் அதையேதான் சொன்னார். எனக்குச் சந்தோஷம். வெட்டச் சொன்னபோது, குருவிக்கு உட்கார ஒரு கொம்பை விட்டுவைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எல்லாவற்றையும் வெட்டியிருந்தால் இனிமேல் விதை எப்படி வரும்?

முதலில் பயந்துபோனோம். நிழலிலேயே இருந்த செடிகள் வெயில் தாங்காமல் இலை கருகின. சிலது செத்தே போயின. அம்மா சவுக்குக் குச்சிகளைக் கூடாரம் மாதிரி ஒவ்வொன்றின் மேலும் சாய்த்து வைத்தது. பக்கத்துக் கொல்லை அக்கா, அள்ளுவதற்கு என்று வந்தவர், அள்ளாமல் எங்களோடு சேர்ந்து சாய்த்துவிட்டுப் போனார். போகும்போது, "எங்க கொல்லைலயும் கோயில் ஓரத்துல ஒரு வரிசை பெருக்காம வுட்டுப் பாக்கட்டுமா?" என்று கேட்டார். "குருவி எங்க ஊட்டுக்கும் வருமா, இல்ல உங்க ஊட்டுக்கு மட்டும்தானா?"

ஆடியில் நாலு தூறல் விழுந்ததும் பிழைத்தவை துளிர்த்தன. கிழக்குப் பாதியில் நைனா வேர்க்கடலை போட்டார்.

அண்ணன் திதிக்கு வந்த அவன் நண்பன் ஒருவன் கொல்லைக்கு வந்து பார்த்தான். நாவலுக்குப் பக்கத்தில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றான்.

"இன்னா தங்கச்சி, உயிரோட இருக்கசொல்லவே எனக்கு அஞ்சலி போட்டுட்ட?"

"உனக்குக் காவல் டூட்டிண்ணா."

அவன் முகத்தின் மேல் குருவி எச்சம் இருந்தது. துடைக்கப் போனவன், உற்றுப் பார்த்துவிட்டு, "இதுல வெத கீது," என்றான். துடைக்காமல் விட்டுவிட்டான். போகும்போது சாய்ந்திருந்த குச்சியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனான்.

இப்போது தை மாதம். பெருமழை முடிந்து நாவல் என் தோளுக்கு வந்துவிட்டது. பாலை ஒரு முழம்கூட இல்லை. சவுக்கு அடிக்கட்டைகள் மக்கத் தொடங்கிவிட்டன, தட்டினால் பொத்தென்று கேட்கிறது. நான் போய்த் தட்டுவதை இன்னும் நிறுத்தவில்லை. எந்தக் கட்டை, எந்த வரிசை, அண்ணன் எங்கே குடத்தை வைத்துவிட்டு உட்கார்வான் என்று எனக்குத் தெரியும்.

போன ஞாயிறு அப்படித் தட்டிக்கொண்டிருந்தபோது வளைந்த மரத்தடியில் நைனா குந்தி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். கால்வாயைச் சுற்றிப் போகாமல் குறுக்கே வந்திருக்கிறார். நான் சத்தம் போடாமல் பின்னால் போய் நின்றேன். அவருக்கு முன்னால், நான் முந்தின வாரமே பார்த்து வைத்திருந்த ஒரு செடி. எங்கள் கொல்லையில் இருக்கிற எதைப் போலவும் இல்லை. இலை நீலம் கலந்த பச்சை, ஓரத்தில் பல் மாதிரி வெட்டு. கசக்கி மோந்தும் பார்த்திருந்தேன். வாசனையும் புதுசு.

"இது இன்னாமா?" என்று கேட்டார்.

"தெரியல நைனா."

"அம்மாவ கேட்டியா?"

"அம்மாவுக்கும் தெரியல. அக்காவும் தெரியலன்னாங்க."

நைனா மேலே பார்த்தார். கொம்பில் ஒரு குருவி இருந்தது. பிறகு மேற்கே கோயில் புதரைப் பார்த்தார், அப்புறம் வடக்கே குன்றைப் பார்த்தார்.

"அப்ப எங்கேந்துதான் வந்திச்சாம் இது?" என்றார். சொல்லிவிட்டு, எழுந்திருக்காமல், பக்கத்தில் ஒரு குச்சியைத் தேடி எடுத்து அதற்கு அருகில் நட்டார்.

"கட்றதுக்கு எதாவது கீதா?" என்று கையை நீட்டினார்.

என்னிடம் பேனர் துண்டு எதுவும் மிச்சம் இல்லை. என் தலையில் இருந்த ரிப்பனை அவிழ்த்துக் கொடுத்தேன்.